பாறைக்குப் பின்னால் போன மாமா

கல்யாண மண்டபத்தில் யார் பேச்சு எடுபடுகிறதோ இல்லையோ, வீடியோக்காரன் பேச்சு எடுபடும். பெண்ணின் விரலில் மோதிரத்தைப் போட்டு முடித்த மாப்பிள்ளையிடம், "கழட்டிட்டு இன்னொரு தடவை போடுங்க, லைட்டு சரியா விழல" என்றால் அவர் மறுபேச்சில்லாமல் கழற்றுவார். மகளைக் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம், "சார், இன்னொரு தடவை" என்றால் அவரும் அழுவார். சில சமயம் இரண்டாவது அழுகைதான் நன்றாக வரும். ஊரையே மிரட்டி வைத்திருக்கும் போலீஸ் அதிகாரிகூடத் தன் வீட்டுக் கல்யாணத்தில் வீடியோக்காரன் கை காட்டிய இடத்தில் போய்ப் பவ்யமாக நின்றதுண்டு.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் நம்முடைய வீடியோக்காரனுக்குப் போதவில்லை. யாராவது தன்னை 'டைரக்டர் சார்' என்று கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசைதான் அவனுடைய மாமாவைப் பாறைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். தொழில், லிஃப்ட் ரிப்பேர். நாள் முழுக்க மாடிக் கட்டடங்களில் மேலும் கீழும் போய்வந்தாலும் சொந்தக் காலால் படியேறாத மனிதர். சர்க்கரை ஏறிவிட்டது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடை என்றால் மலைதான் என்று அக்கா முடிவு செய்தாள்.

"நீயும் கூடப் போடா. தனியா விட்டா இந்த மனுஷன் அடிவாரத்து டீக்கடையில உக்காந்துட்டு, ஏறி இறங்கிட்டேன்னு வந்து நிப்பார்" என்று தம்பிக்கு உத்தரவு போட்டாள்.

வீடியோக்காரன் சும்மா போவானேன் என்று கேமராவை எடுத்துக்கொண்டு போனான். மாமா மூச்சு வாங்கினார், முட்டியைத் தேய்த்துக்கொண்டார், இருபது அடிக்கு ஒருதரம் உட்கார்ந்து, "இதுக்கு ஒரு லிஃப்ட் போட்டா என்ன கேடு?" என்று மலையைப் பார்த்துக் கேட்டார். ஒரு வழியாக உச்சிக்கு வந்தபோது வெள்ளை வெளேரென்று மூடுபனி. அங்கே ஆள் உயரப் பாறை ஒன்று. மாமாவுக்கு வயிற்றை முட்டிக்கொண்டு வந்தது. "மாப்ளே, இதோ வந்துட்டேன்" என்று பாறையைச் சுற்றிக்கொண்டு பனிக்குள் போனார்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பக்கம் ரெண்டு எட்டு வைக்கத்தான் இடம். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல, அதலபாதாளம். ஒண்ணுக்குப் போறவன் உயிரையும் சேர்த்து விட்டுடுவான் போல" என்றார். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கி, டீ குடித்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்து சேர்ந்ததைப் படத்தில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போது தொழில் புத்தி வந்துவிட்டது. அவன் எந்தப் படத்தையும் ஒரே மாதிரிதான் முடிப்பான். கடைசி ஆள் முதுகைக் காட்டி நடப்பார், நடை மெதுவாகும், அப்படியே உறையும், திரை வெளுக்கும், ஒரு புல்லாங்குழல் அழும். காரில் ஏறும் புதுப்பெண்ணுக்கும் அதே முடிவு, பள்ளி ஆண்டு விழாவில் விடைபெறும் சிறப்பு விருந்தினருக்கும் அதே முடிவு. மாமா பாறையைச் சுற்றிப் போன முதுகு அதற்கென்றே எடுத்தது போல் இருந்தது. இறங்கி வந்ததை எல்லாம் கழித்துக் கட்டினான். கல்யாண வீடியோவில் பாத்திரம் கழுவுவதை யாராவது காட்டுவார்களா?

படத்தை மலை மற்றும் திறந்தவெளித் திரைப்படப் பேரவையின் போட்டிக்கு அனுப்பினான்.

ஒரு மத்தியான வேளையில் போன் வந்தது. பேரவையின் செயலாளர், ஓர் அம்மாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவது போல அடக்கமான குரல்.

"உங்க படம் பெரிய பரிசுக்குத் தேர்வாகியிருக்கு. உங்க இழப்புக்குப் பேரவையோட ஆழ்ந்த அனுதாபங்கள்."

பெரிய இடத்தில் இப்படித்தான் வாழ்த்துவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றான். அந்த நன்றியில்தான் எல்லாம் கெட்டது.

பேரவை அலுவலகத்துக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனான். நீண்ட கூடம். கனமான திரைச்சீலைகள், அதற்குப் பின்னால் வெயில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புச் சட்டம் போட்ட புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பரிசின் பெயர். சுவரின் நட்டநடுவில் ஓர் ஆணி மட்டும் வெறுமனே இருந்தது. அதன்மேல் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேஜைக்குப் பின்னால் தலைவர், செயலாளர் அம்மாள், தாடி வைத்த நடுவர் ஒருவர். தலைவருடைய வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம், மற்றவை பனியில் போய்விட்டன. தாடிக்கு ஒரு காதின் நுனி இல்லை. அம்மாள் நடக்கும்போது ஒரு கால் கட்டைச் சத்தம் எழுப்பியது. மூவரும் வீடியோக்காரனின் முழுசான பத்து விரல்களையும், தேறாத பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பது போல இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"இவர்?" என்றார் தலைவர்.

"என் மாமாங்க. படத்துல வர்றவர்."

தாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வராமல் இருக்க வேண்டிய விருந்தாளியிடம் கேட்பது போல மெல்லக் கேட்டார்.

"வந்துட்டீங்களா?"

"ஆமாங்க, பஸ்ஸுலதான்" என்றார் மாமா.

தலைவர் சுவரைக் காட்டினார். "எங்க பரிசு ஒவ்வொண்ணும் ஒருத்தரோட நினைவுல குடுக்கிறது. ஒளிப்பதிவுப் பரிசு, பனிச்சரிவைக் கடைசி வரைக்கும் படம் பிடிச்சவர் நினைவா. ஒலிப்பதிவுப் பரிசு, மின்னலோட சத்தத்தைப் பக்கத்துல போய்ப் பதிவு பண்ணினவர் நினைவா. சமையல் ஏற்பாட்டுக்குக்கூட ஒண்ணு இருக்கு. அவர் காளான் பறிச்சார். பெரிய பரிசு மட்டும்தான் இத்தனை வருஷமா அநாதையா கிடக்கு. உங்க படம் பார்த்தோம். மூச்சு வாங்கிக்கிட்டே ஏறுற ஒரு சாதாரண மனுஷன், பாறையைச் சுத்திப் பனிக்குள்ள போறார், திரும்பி வரவே இல்ல. நாங்க யாரும் அன்னைக்குச் சாப்பிடல."

"ஐயா, அவர் சும்மா ஒதுங்கத்தான் போனார்" என்றான் வீடியோக்காரன்.

"எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று தாடி பெருமூச்சு விட்டார்.

நல்லவேளையாக, இறங்கி வந்த பகுதி மடிக்கணினியில் இருந்தது. போட்டுக் காட்டினான். மாமா தட்டுத் தடுமாறி இறங்குகிறார், முதுகைச் சொறிகிறார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து, "மேல போன பெட்டி கீழ வரணும் மாப்ளே, எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம்" என்கிறார். மூவரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

"இந்த நடிகர் பரவாயில்ல" என்றார் தாடி. "ஆனா ஏறினவர்கிட்ட இருந்த ஆழம் இவர்கிட்ட இல்ல."

"ஐயா, ஏறினவரும் இவர்தான், இறங்கினவரும் இவர்தான். இதோ பக்கத்துல உக்காந்திருக்கார்!"

"இறங்குறதுல என்ன கலை இருக்கு தம்பி?" என்றார் தலைவர், வருத்தமாக. "எவன் வேணும்னாலும் இறங்குவான். கல்லுகூட இறங்குது. இதை அடுத்த வருஷம் கற்பனைப் பிரிவுக்கு அனுப்புங்க."

"அப்படின்னா படத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. எனக்குப் பரிசு வேண்டாம்." சொல்லிவிட்டானே தவிர, அவன் குரலிலேயே பலமில்லை. மேஜைமேல் இருந்த வெள்ளிக் கோப்பையை அவன் பார்த்துத் தொலைத்திருந்தான்.

செயலாளர் அம்மாள் கனிவாகச் சிரித்தார். "தாராளமா. ஆனா விதிப்படி, படத்துல இருக்கிறவர்தான் வந்து கேக்கணும்."

"இதோ இருக்காரே! மாமா, கேளுங்க."

மாமா பேசத் தொடங்குவதற்குள் அம்மாள் சொன்னார்: "அவரைத்தான் நாங்க பறிகொடுத்துட்டோமே."

மாமா திறந்த வாயை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, "அதுவும் நியாயம்தானே மாப்ளே" என்றார். வீடியோக்காரன் மாமாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினான்.

கிளம்பும்போது அம்மாள் மாமாவின் உயரத்தைக் கேட்டுக்கொண்டார், நினைவுக் கல்லுக்காக என்றார். பிறகு கூடத்தின் ஓரத்தில் இருந்த கண்ணாடி அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒற்றை ஒற்றையாகப் பழைய ஷூக்கள், சுவரில் இருந்தவர்களுடையவை. மாமாவின் இடது கால் ஷூவையும் கேட்டு வாங்கி, மண்ணைத் துடைக்காமல் உள்ளே வைத்துப் பூட்டினார். பதிலுக்கு ஒரு புது ஜோடி கொடுத்தார்கள். பளபளவென்று அழகாக இருந்தது. பஸ்ஸில் வீடியோக்காரன் அதைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பகுதி கண்ணாடி மாதிரி வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

அன்றிலிருந்து மாமா ஆளே மாறிப்போனார். முப்பது வருஷமாக லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதை மட்டுமே கேட்ட காது அது. ஓடுகிற லிஃப்ட்டை யார் கவனிக்கிறார்கள், நின்றால்தானே மெக்கானிக் ஞாபகம் வரும். இப்போது படித்தவர்கள் அவருக்காகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். பேரவை அனுப்பிய இரங்கலுரையின் நகலைக் குளியலறையில்கூடச் சத்தமாகப் படித்தார். 'எளிமையின் சிகரம்' என்ற இடம் வரும்போது குரல் தழுதழுத்தது.

"எவ்வளவு நல்ல மனுஷன்டா" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பியைத் தனியே அழைத்து, "என்னடா நடக்குது? பரிசளிப்பு மலை உச்சியிலங்கிறாரு, சொந்தக் கல்லைத் தானே திறக்கப் போறேங்கிறாரு. எனக்கு ஒண்ணும் பிடிக்கல" என்றாள்.

"வெறும் விழாதான்கா. ஒரு மணி நேரம்."

"அவர் ஒரு அப்பாவி. நாலு பேர் சேர்ந்து சொன்னா தன்னையே சந்தேகப்படுவார். போன மாதிரியே கூட்டிட்டு வரணும். ஒரு முடி குறைஞ்சாலும் உன்னை இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'டைரக்டர் சார்' என்று மைக்கில் கூப்பிடப் போகிறார்கள் என்ற நினைப்பு நாக்கைக் கட்டிப் போட்டுவிட்டது. அக்காவிடம் தலையை ஆட்டினானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா நாளன்று காலையில் தலைவர், அம்மாள், தாடி மூவரோடும் பேரவையின் வேன் வந்தது. மலையின் பின்பக்கத்து வண்டிப்பாதை வழியாக ஏறியது. மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, வேண்டியதை எல்லாம் நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தாடி அவருக்கு மிட்டாய் கொடுத்தார். சர்க்கரை இருக்கிறதே என்று மாமா தயங்கியபோது, "இன்னைக்கு என்ன?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பாதி வழியில் வீடியோக்காரன் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தான். "திரும்பும்போதும் இதே சீட்டுதானா, இல்ல மாறி உக்காரணுமா?"

"திரும்பும்போது முன்சீட்டுல பெட்டி வரும் சார். ஒலிபெருக்கிப் பெட்டி" என்றார் ஓட்டுநர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப மாமா?"

ஓட்டுநர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். பிறகு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

உச்சியில் அன்றைக்கும் மூடுபனி. பேரவை உறுப்பினர்கள் முன்பே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ரயில் கிளம்பும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பாறைக்குப் பக்கத்தில் துணி போர்த்திய கல். மாமாவே கயிற்றை இழுத்துத் திறந்தார். அவருடைய பெயர், பிறந்த வருஷம், அதன் கீழே இன்னொரு தேதி. வீடியோக்காரன் அதை இரண்டு தடவை படித்தான். அன்றைய தேதி.

"இது விழா தேதிதானுங்களே?" என்று தலைவரிடம் கேட்டான்.

"வேற என்னவா இருக்கப் போகுது?" என்றார் தலைவர், தோளைத் தட்டிக்கொடுத்து. பிறகு மைக்கைப் பிடித்தார். மைக் கைக்கு வந்ததும் அவருடைய தமிழ் மாறியது.

"பெரியோர்களே! இந்தப் பேரவை யாரையும் இதுவரை தள்ளியதில்லை. எதிரிகள் சொல்வதை நம்பாதீர்கள். நாங்கள் வழியை மட்டுமே காட்டுகிறோம். கலைக்கு ஒரு நேர்மை வேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம். திரையில் போனவர் தரையில் நின்றால் பார்வையாளர் நம்பிக்கை என்னாவது? விதிகள் என்னாவது? கடந்த ஆண்டு ஒருவர் எங்கள் அன்பை மறுத்துப் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டார். இன்று அவர் பெயர் யாருக்காவது தெரியுமா? தெரியாது. ஆனால் எங்கள் சுவரில் இருப்பவர்களை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை. உயிரோடு இருந்தபோது அவர்களில் யாரையும் எங்களுக்குத் தெரியாது என்பதையும் தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. மாமாவும் தட்டினார்.

"இப்போது நம் மதிப்புக்குரியவர் படத்தில் நடந்தபடியே ஒருமுறை நடந்து காட்டுவார். டைரக்டர் சார் படம் பிடிப்பார்" என்றார் தலைவர். பிறகு மைக்கை மூடிக்கொண்டு, வீடியோக்காரன் காதருகே, "இந்தத் தடவை அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க" என்றார்.

டைரக்டர் சார் என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததா என்றே அவனுக்குத் தெரியவில்லை. மாமாவின் கையைப் பிடித்து இழுத்தான். "மாமா, வாங்க, போயிடலாம். எனக்குப் பயமா இருக்கு."

"இவ்வளவு பேர் நமக்காக மெனக்கெட்டிருக்காங்க மாப்ளே. பாதியில போனா நல்லாவா இருக்கும்? சும்மா நடந்து காட்டுறதுதானே."

"அந்தப் பக்கம் ரெண்டு எட்டுதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னைக்கு நான் சரியாப் பாக்கலைன்னு சொல்றாங்க. நிறைய இடம் இருக்காம்" என்றார் மாமா. சொல்லும்போது அவர் கண்ணிலும் லேசாகப் பயம் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கையை விடுவித்துக்கொண்டு நடந்தார்.

வீடியோக்காரனின் கை பழக்கத்தில் கேமராவைத் தூக்கியது. சின்னத் திரைக்குள் மாமாவின் முதுகு. புது ஷூ ஈரப் பாறையில் ஒருமுறை வழுக்கியது, சமாளித்துக்கொண்டார். பாறையைச் சுற்றினார். ஒரு தோள் வெளுத்தது, பிறகு மறு தோளும். புல்லாங்குழல் ஒன்றுதான் பாக்கி. தனக்குப் பிடித்த அந்த முடிவு எவ்வளவு கேவலமானது என்று அவனுக்கு அந்த நொடியில் உறைத்தது. ஓடிப்போய்ப் பிடிக்க நேரமில்லை. 'மாமா, நில்லுங்க' என்று கத்தினால் அவர் நிற்கப் போவதில்லை, பெரியவர்கள் போகச் சொல்லியிருக்கிறார்கள். வாயில் வந்தது அவனுக்குத் தெரிந்த ஒரே அதிகாரம்.

"சார்! லைட்டு சரியில்ல! இன்னொரு தடவை!"

பனிக்குள் காலடிச் சத்தம் நின்றது.

"மறுபடியுமா?" என்றது மாமாவின் குரல்.

"ஆமா சார், முதல்லேர்ந்து! வாங்க!"

எந்தக் கல்யாணத்திலும் எந்த மனிதனும் மறுக்காத உத்தரவு அது. மாமா சலித்துக்கொண்டே பாறையைச் சுற்றித் திரும்பி வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது, முழங்காலில் மண். நாற்காலியில் இருந்தவர்களும் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த தடவைக்குப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

வீடியோக்காரன் கேமராவைக் கல்லின்மேல் வைத்தான். பரிசுக் கோப்பை மேஜையில் இருந்தது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்கினான். மாமா முரண்டு பிடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்த ஷூக்களைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, காலுறையோடு நடந்தார்.

"ஒரு கால் காத்துல வச்சேன் மாப்ளே" என்றார். வீடியோக்காரனுக்கு அழுகை வந்தது. முதல் தடவையே நன்றாக வந்தது.

யாரும் துரத்தி வரவில்லை. மேலே ஒலிபெருக்கி மட்டும் மறுபடி உயிர்பெற்றது. பனியில் தலைவரின் குரல் தெளிவாக, அவர்கள் முதுகுக்கு மிக அருகில் கேட்டது.

"...மாமனைத் தனியே அனுப்ப மனம் வராமல், கேமராவையும் துறந்து, உடன் சென்றுவிட்ட அந்த இளம் கலைஞரையும் இந்தப் பேரவை ஒருநாளும் மறவாது. கல்லில் இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது. சுவரில் இன்னோர் ஆணி அடிக்கப்படும். அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மேலே நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு மலையே அடங்கிப்போனது. மாமா மரியாதை தெரிந்த மனிதர். நடுப்பாதையில் நின்று, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருக்கு மாப்ளே?" என்று கிசுகிசுத்தார்.

"நமக்குத்தான் மாமா. நிக்காதீங்க, நடங்க."